பிள்ளைச் சட்டைக் கைவேலை: தைத்து விற்பதா, கற்றுக் கொடுப்பதா?

பிறந்த குழந்தைக்கான வெள்ளைச் சட்டை விற்காத துணிக்கடை எமது ஊர்களில் குறைவு. மெல்லிய பருத்தித் துணி, நெஞ்சில் சின்னதாக இரண்டு பூ, கழுத்தில் லேஸ், பின்னால் நாடா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் பையில் அரை டசினாவது இருக்கும். பிள்ளை பார்க்கப் போகிறவர்களும் அதையே வாங்கிச் செல்கிறார்கள். அந்தப் பூவைக் கையால் போட்டுத் தருபவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள். ஒரு சட்டைக்கு அவர்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்பது வர்த்தகர்களாகிய எமக்குத் தெரியாத விடயமல்ல.

நான் துணி வியாபாரி. தையல்காரன் அல்ல. எமது கடையின் மேல்மாடியில் என் மூத்த தாத்தா சில வருடங்களாகப் பிள்ளைச் சட்டைக் கைவேலை வகுப்பு நடத்துகிறார். அதன் கணக்கு வழக்குகளை நான் பார்ப்பதால், அந்தப் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். ஒரு சட்டைக்குத் துணி, லேஸ், நூல் எல்லாம் 350 ரூபா. கடைக்கு 950 ரூபாவுக்குக் கொடுக்கிறார். மிச்சம் 600. வெட்டி, தைத்து, பூப்போட்டு, கழுவி, அயர்ன் பண்ண ஐந்து மணித்தியாலம் செல்கிறது. மணித்தியாலத்துக்கு 120 ரூபா. இதுவும் சட்டை விற்றால்தான். தாத்தா வகுப்புத் தொடங்க முன்னர் நகரத்துக் கடையொன்றுக்கு, விற்றபின் காசு என்ற பேச்சில், இரண்டு டசின் சட்டை கொடுத்தார். நான்கு மாதம் கழித்துப் பாதிக்கு மேல் திரும்பி வந்தது, மடிப்பில் மஞ்சள் ஏறி, கழுத்தில் கைபட்ட அழுக்குடன். வெள்ளைச் சட்டையை அதன் பிறகு யாருக்கு விற்பது?

கைவேலையை மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் தைத்து விற்பதைவிடக் கற்றுக் கொடுப்பதில்தான் காசு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதே தொழில் வேறு நாடுகளில் போன வழியைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது.

அயர் நகரத்துச் சட்டை

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் அயர் என்றொரு நகரம். 1814 இல் அங்குள்ள பிரபுக் குடும்பத்துப் பெண்மணியான லேடி மேரி மொன்ட்கொமரி, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பிரெஞ்சு வேலைப்பாட்டுக் குழந்தைச் சட்டையொன்றை ஜேமிசன் என்ற பெண்ணிடம் பார்க்கக் கொடுத்தார். ஜேமிசனின் கணவர் பருத்தி முகவர். வெள்ளை மஸ்லின் துணியில் வெள்ளை நூலால் பூப்போட்டு, பூவின் நடுவை வெட்டி, அந்த ஓட்டைக்குள் ஊசியாலேயே வலை பின்னியிருந்தார்கள். ஜேமிசன் அந்த வேலையைப் பார்த்துப் பார்த்துப் படித்து, சுற்றுவட்டாரப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார். அயர்ஷயர் வெள்ளைவேலை என்று பின்னர் பெயர்பெற்ற தொழில் இப்படித்தான் பரவியது. மேற்கு ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தே இதைச் செய்தார்கள்.

வியாபாரிக்கு இதில் முக்கியமான இடம் அடுத்துத்தான் வருகிறது. தொழில் பெருத்ததும் முகவர்கள் வந்தார்கள். துணியில் பூவை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்து, முடிந்ததும் வாங்கிக்கொண்டு, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார்கள். வேலையும் பிரிக்கப்பட்டது. பூ நிரப்புபவர் ஒருவர், நடுவில் வலை பின்னுபவர் வேறொருவர். வேகமும் நேர்த்தியும் கூடியது உண்மை. ஆனால் முழுச் சட்டையொன்றை வெட்டித் தைத்து, விலை சொல்லித் தானே விற்கும் நிலை அந்தப் பெண்ணுக்கு இல்லாமல் போனது. 1857 இல் கிளாஸ்கோவின் வெஸ்டர்ன் பேங்க் முறிந்தது. அந்த நெருக்கடியில் இத்துறையின் மிகப் பெரிய கம்பனியும் விழுந்தது. 1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிப் பருத்தி வரவு நின்றது. சுவிட்சர்லாந்து மெஷின் எம்ப்ரொய்டரி மலிவாக வந்து இறங்கியது. முகவர் வராத வீட்டில் வேலையும் வரவில்லை.

இன்று எமது கடைகளுக்கு வரும் மெஷின் பூவேலைச் சட்டைகளைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். விலையில் மெஷினுடன் மோத முடியாது. அன்றும் முடியவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னோர் உதாரணம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் மார்த்தா புல்லன் என்ற பெண் 1981 இல் ஒரு சிறு கடை திறந்தார். எயார்லூம் தையல் என்று அங்கே சொல்லும் வேலைக்கான மெல்லிய துணியும் லேஸும்தான் சரக்கு. எயார்லூம் என்றால் தாய் போட்டதை மகளுக்கும், மகள் அதைத் தன் பிள்ளைக்கும் போடும்படி பத்திரப்படுத்தும் பொருள். புல்லன் வெறுமனே சட்டை தைத்து விற்பவராக இருந்திருந்தால் அவர் பெயர் அந்த ஊரைத் தாண்டியிருக்காது. அவர் வகுப்பு நடத்தினார், பல நாள் பயிற்சி முகாம் வைத்தார், புத்தகம் எழுதினார், சஞ்சிகை போட்டார், தொலைக்காட்சியில் தையல் கற்பித்தார். படித்தவர்கள் அவரிடமே துணியும் லேஸும் வாங்கினார்கள். 2004 இல் அந்தக் கம்பனியை ஒரு பதிப்பு நிறுவனம் விலைக்கு வாங்கியது.

எமது நாட்டிலும் இது புதிதல்ல. 1877 இல் இங்கு வந்த சிங்கர் கம்பனி மெஷினை மட்டும் விற்கவில்லை, தைக்கவும் படிப்பித்தது. தைக்கத் தெரியாதவருக்கு மெஷின் எதற்கு?

என்ன கற்பிக்க வேண்டும்

எமது வகுப்பின் முதலாவது பாடத்தில் பூ கிடையாது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. தாத்தா அசைவதில்லை. துணியை நேராக வெட்டத்தான் முதலில் பழக்குவார். ஓரத்தில் சிறிதாக வெட்டி, குறுக்கு இழையொன்றை ஊசி நுனியால் கிளப்பி மெதுவாக உருவி எடுத்தால் துணியில் கோடுபோல் இடைவெளி விழும். அதன் வழியே கத்தரிக்கோல் போக வேண்டும். கோணலாக வெட்டிய சட்டை ஒரு கழுவலில் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பருத்தி சுருங்கும் என்பதால் வெட்டுமுன் துணியை நனைத்துக் காயவைப்பதும் அன்றே.

இரண்டாவது, ஓரம் சுருட்டித் தைப்பது. துணி ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நூல்போல் உருட்டி, அதைச் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். பார்க்க இலகு, கைக்கு வர இரண்டு வாரம் எடுக்கும். அதன் பிறகு லேஸ் பதிப்பது: துணியின் மேல் லேஸை வைத்து இரண்டு ஓரமும் தைத்து, பின்பக்கத்துத் துணியை நடுவால் வெட்டி, இரு பக்கமும் மடித்துப் பொதிந்து தைத்தால் லேஸ் இருக்குமிடத்தில் ஒளி தெரியும். கீழ் ஓரத்துக்கு மேல் இரண்டு மடிப்பு வைப்பதும் இப்போதுதான். அழகுக்காக மட்டுமல்ல. பிள்ளை வளர ஒரு மடிப்பை அவிழ்த்தால் கவுண் நீளும்.

பூவேலை ஐந்தாம் வகுப்பில்தான். கடையில் வாங்கும் நூல் சிட்டத்தில் ஆறு இழை சேர்ந்திருக்கும். அதில் ஓர் இழையை மட்டும் பிரித்து, 10 ஆம் இலக்க மெல்லிய ஊசியில் கோர்க்க வேண்டும். அதுவும் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், நீண்ட நூல் துணிக்குள் போய்ப் போய் நார் கிளம்பும். நிழல் வேலை எனப்படுவது பின்பக்கத்தில் குறுக்கு மறுக்காகத் தைத்து, மெல்லிய துணி வழியாக முன்பக்கம் நிறம் மங்கலாகத் தெரியச் செய்வது. லக்னோ சிக்கன் வேலையிலும் இது உண்டு. எமது வெப்பத்துக்கு ஏற்ற மெல்லிய துணியில் இது எடுபடும்.

தாத்தா மாணவியரின் வேலையைப் பார்க்கும்போது முன்பக்கம் பார்ப்பதே இல்லை. கையில் வாங்கியதும் புரட்டுவார். “தம்பி, புள்ளட உடம்புல படுறது இந்தப் பக்கம்தானே” என்பார். பின்னால் முடிச்சு இருக்கக் கூடாது, நூல் நுனியைத் தையலுக்குள்ளேயே செருகிவிட வேண்டும். மூட்டும் தையல்களில் வெட்டிய விளிம்பு வெளியே தெரியாமல் உள்ளே மடிந்திருக்க வேண்டும். மணி, மின்னும் வில்லை, கழற்றினால் வாய்க்குள் போகக்கூடிய சின்னப் பட்டன், கழுத்தில் நீண்ட நாடா எதுவும் வேண்டாம். நிற நூலை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துச் சாயம் போகாவிட்டால் மட்டும் பாவிக்க வேண்டும். பூ வரைய நீரில் மறையும் நீலப் பேனா பாவித்தால் அயர்ன் வைக்குமுன் கழுவிவிட வேண்டும். சூடு பட்டால் கோடு போகாமல் நின்றுவிடும்.

ஒரு வகுப்புக்கு ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை. கைவேலையைக் கரும்பலகையில் கற்பிக்க முடியாது, ஒவ்வொருவர் கையையும் பார்க்க வேண்டும். இடது கைப் பழக்கமுள்ளவரைத் தாத்தா தனக்கு நேரெதிரே இருத்துவார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே பின்பற்றலாம். பகல் வெளிச்சத்தில்தான் வகுப்பு. வெள்ளையில் வெள்ளை தைக்க இரவு விளக்கு சரிவராது.

வகுப்புக் கணக்கு

ஆறு பேர், மூன்று மணித்தியாலம், ஆளுக்கு 900 ரூபா என்று வைப்போம். மொத்தம் 5,400. தேநீர், மின்சாரம், இடத்துக்கு 900 கழிந்தால் 4,500. வகுப்புக்கு முன் மாதிரி தைத்து ஆயத்தம் செய்யும் மூன்று மணித்தியாலத்தையும் சேர்த்துப் பிரித்தால் மணிக்கு 750. முன்னர் பார்த்த 120 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் காசு வகுப்பன்றே கையில் வருகிறது. விற்காமல் திரும்பி வரும் சரக்கென்று ஒன்றும் இல்லை.

கடைக்காரருக்கு என்ன இலாபம்? பொதிதான். ஒரு சட்டைக்குத் தேவையான துணி, லேஸ், மூன்று நிற நூல், இரண்டு ஊசி, வெட்டும் மாதிரி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு விற்கிறோம். தனித்தனியாக வாங்கும்போது வாடிக்கையாளர் விலை பேசுவார். பொதிக்கு யாரும் பேரம் பேசியதில்லை. ராக்கையில் தூங்கிய வெள்ளைத் துணியும் நகர்கிறது. தொழிற்சாலைகளில் மிஞ்சி நிறைக்கு விற்கும் வெட்டுத்துணியில் நல்ல மெல்லிய பருத்தி கிடைப்பதுண்டு. வாங்குமுன் ஓரிழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி மணத்துடன் சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி உருண்டையாகும். 2022 இல் ரூபா சரிந்தபின் இறக்குமதி லேஸின் விலை ஏறியது. காலி, வெலிகமப் பக்கத்துப் பீரலு லேஸை மெல்லிய நூலில், ஒடுக்கமாகப் பின்னித் தரச் சொல்லலாம். விலை கூடத்தான். எயார்லூம் சட்டைக்கு அது பொருந்தும்.

வர்த்தக நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எல்லாருக்கும் படிப்பிச்சா ஒங்கட யாவாரம் போயிடாதா நானா?” போகவில்லை. எம்மிடம் படித்தவர்களில் விற்பனைக்குத் தைப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் தம் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ ஒன்று, இரண்டு தைக்கிறார்கள். ஒரு சட்டையைத் தானே தைத்து முடித்தவர், அடுத்த முறை ஓர்டர் கொடுக்கும்போது “ஏன் இவ்வளவு விலை” என்று கேட்பதில்லை. எத்தனை மணித்தியாலம் என்று அவருக்கே தெரியும். விற்பனைக்குத் தைப்பவர்களுக்கு நாம் ஓர்டர் பிடித்துக் கொடுக்கிறோம். முற்பணம் வாங்கிய பிறகுதான் துணி வெட்டப்படும், கடைக்குக் கமிஷன். விற்றபின் காசு என்ற பேச்சு எமது கடையில் இல்லை.

ஒரு குறை உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. சிறிய ஊரில் புதிய ஆறு பேர் ஒவ்வொரு மூன்று மாதமும் கிடைக்கமாட்டார்கள். எமக்கும் மூன்றாவது வருடத்தில் ஆட்கள் குறைந்தார்கள். அப்போது பழைய மாணவியருக்கு இரண்டாம் நிலை வகுப்பு வைத்தோம், ஸ்மொக்கிங் வேலையும் தொப்பியும். பக்கத்து ஊர்க் கடையொன்றின் மேல்மாடியில் மாதமிருமுறை தாத்தா போய் நடத்துகிறார். அந்தக் கடைக்காரர் இடத்துக்குக் காசு எடுப்பதில்லை, பொதி விற்பனை அவருக்கு.

இப்போது அதிகம் வருவது பழைய சட்டைகள். உம்மா தைத்தது, மாமி தைத்தது என்று அலுமாரியிலிருந்து எடுத்து வருகிறார்கள். கஞ்சி போட்டு மடித்து வைத்ததால் பூச்சி அரித்திருக்கும், பொலித்தீன் பையில் வைத்ததால் கறை பிடித்திருக்கும். கஞ்சியில்லாமல் கழுவி, அயர்ன் போடாமல், பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி வைத்திருந்தால் இந்தச் செலவு வந்திராது. அரித்த இடத்தை வெட்டி லேஸ் பதித்துத் திருத்திக் கொடுக்கத் தாத்தா மணித்தியாலக் கணக்கில்தான் கூலி எடுக்கிறார். அடுத்த வகுப்பில் சேரும் ஆறு பேரில் நான்கு பேர் அப்படியொரு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள்.