பிள்ளையின் நிறையும் மருந்தின் அளவும்

சொந்த ஊருக்குத் திரும்பும் குடும்பங்கள், முன்பு மருந்தெடுத்த இடத்தை விட்டு வேறு வைத்தியசாலைக்குப் போக நேரிடும். அங்கே மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் போத்தலிலுள்ள பாணி மருந்தின் செறிவு வேறாக இருக்கலாம். “போன முறை கொடுத்த அளவுதானே” என்று கொடுத்தால், பிள்ளைக்கு இரண்டு மடங்கு மருந்தோ பாதி மருந்தோ போய்விடும்.

எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாட்கள் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். அவர் சொன்ன அளவு பிள்ளைக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது பெற்றோரின் கையில் இருக்கிறது.

நிறை ஏன் முக்கியம்?

மூன்று வயதுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் 10 கிலோவாகவும் மற்றவர் 14 கிலோவாகவும் இருக்கலாம். எனவே வயதை மட்டும் வைத்து அன்ரிபயோட்டிக் கொடுக்க முடியாது. அளவு குறைந்தால் கிருமிகள் முழுமையாக அழியா. நோய் திரும்பி வரலாம். அளவு கூடினால் வாந்தி, வயிற்றோட்டம் போன்ற பாதிப்புகள் ஏற்படலாம். பல மாதங்களுக்கு முன் எடுத்த நிறையை நம்பவேண்டாம். பிள்ளையை மீண்டும் நிறுத்து, கிளினிக் கொப்பியில் பதியச் செய்யுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் இதற்கு உதவுவார்.

தெரிந்திருக்க வேண்டிய மூன்று எண்கள்

1. பிள்ளையின் இன்றைய நிறை (கிலோ).
2. ஒரு தடவைக்குக் கொடுக்கவேண்டிய மருந்து (மில்லிகிராம்). வைத்தியர் சொல்வது ஒரு தடவைக்குரிய அளவா, ஒரு நாள் முழுவதற்குமான அளவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
3. போத்தலின் செறிவு. “125 மி.கி. / 5 மி.லீ.” என்றால், 5 மில்லிலீற்றர் பாணியில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பது பொருள்.

மருந்தை வேறு போத்தலில் ஊற்றித் தந்தால் செறிவை எழுதித் தரும்படி கேளுங்கள்.

கணக்கிடும் முறை

இது கணக்கைப் பழகுவதற்கான உதாரணம் மட்டுமே. பிள்ளையின் நிறை 10 கிலோ. வைத்தியர் அமொக்சிசிலின் மருந்தை ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வீதம், நாளொன்றுக்கு 3 தடவை கொடுக்கச் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம்.

முதலாம் படி: 10 × 15 = 150 மி.கி. இது ஒரு தடவைக்குரிய மருந்து.

இரண்டாம் படி: அதைப் போத்தலின் மி.கி. எண்ணால் வகுத்து 5 ஆல் பெருக்குங்கள்.

- 125 மி.கி. / 5 மி.லீ. போத்தல்: 150 ÷ 125 × 5 = 6 மி.லீ.
- 250 மி.கி. / 5 மி.லீ. போத்தல்: 150 ÷ 250 × 5 = 3 மி.லீ.

இரண்டிலும் பிள்ளைக்குப் போகும் மருந்து 150 மி.கி. தான். ஆனால் இரண்டாவது போத்தலிலிருந்து பழக்கத்தில் 6 மி.லீ. கொடுத்தால் 300 மி.கி. போய்விடும். ஆகவே “எத்தனை மி.லீ.” என்பதை மட்டும் நினைவில் வைத்திருப்பது போதாது. உங்கள் கணக்கும் உறையில் எழுதியிருப்பதும் ஒத்துவராவிட்டால், நீங்களாக மாற்றாமல் மருந்து தந்தவரிடம் கேளுங்கள்.

அளந்து கொடுத்தல்

- வீட்டுத் தேக்கரண்டிகள் ஒரே அளவானவை அல்ல. ஊசியில்லாத சிறிஞ்சையோ மருந்துடன் வந்த அளவுக் கரண்டியையோ பயன்படுத்துங்கள்.
- தூளாக வரும் மருந்தைக் கொதித்தாறிய நீரில், போத்தலின் குறி வரை கரையுங்கள். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்குங்கள்.
- கரைத்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். லேபலில் உள்ள நாட்கள் முடிந்ததும் மீதியைப் பயன்படுத்தாதீர்கள்.
- காய்ச்சல் விட்டாலும், சொன்ன நாட்கள் முடியும் வரை கொடுங்கள்.
- பெரியவர்களின் கப்சூலைப் பிரித்து, குத்துமதிப்பாகக் கொடுக்கவேண்டாம்.
- சாதாரண தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது. மிச்ச மருந்தை அதற்கென எடுத்து வைக்காதீர்கள்.

முன்பு பெனிசிலின் வகை மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்

பால் அல்லது நீர் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபடுதல். மருந்து கொடுத்தபின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அடுத்த தடவை மருந்தைக் கொடுக்காமல் உடனே செல்லுங்கள். தோலில் தடிப்பு மட்டும் வந்தாலும், அடுத்த தடவைக்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

செய்து பாருங்கள்

மேலே சொன்ன பிள்ளையின் அக்காவுக்கு 20 கிலோ. வைத்தியர் அவருக்கும் ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வீதமே எழுதுகிறார். போத்தல் 250 மி.கி. / 5 மி.லீ. ஒரு தடவைக்கு எத்தனை மி.லீ.?

விடை: 20 × 15 = 300 மி.கி.; 300 ÷ 250 × 5 = 6 மி.லீ. தம்பிக்கு 3, அக்காவுக்கு 6. ஒரு பிள்ளைக்குத் தந்த மருந்தை மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.