வார்டிலிருந்து வீடு வரை: மூவார் பெற்றோருக்கான மறுவாழ்வு சிகிச்சைக் குறிப்புகள்

சாலை விபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளைக்கும், மூளைக்காய்ச்சலால் கைகால் இழுத்துக்கொண்ட பிள்ளைக்கும் மறுவாழ்வு சிகிச்சை வார்டுக் கட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாள் முதல் பெற்றோருக்கும் அதில் வேலை உண்டு. அசையாமல் கிடக்கும் மூட்டு சில வாரங்களிலேயே இறுகத் தொடங்கும். கணுக்கால் கீழ்நோக்கி வளைந்து நின்றுவிட்டால், பிறகு எழுந்து நிற்கப் பலம் வந்தாலும் குதிகால் தரையில் பதியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதையும், மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டுவதையும் தாதியரும் ஃபிசியோதெரபிஸ்டும் செய்யும்போது தாயும் தகப்பனும் அருகில் நின்று பார்த்து, அவர்கள் கண்முன்னே செய்து பழகிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தபின் அந்தக் கைகள்தான் தினமும் வேலை செய்யப்போகின்றன.

இரண்டு விஷயங்களில் பெற்றோர் கண்டிப்பாக இருக்க வேண்டும். விழுங்கும் திறனைப் பரிசோதித்து அனுமதி தரும்வரை வாய்வழியே எதுவும் ஊட்டக் கூடாது. பார்க்க வரும் உறவினர் ஆசையாய்த் தரும் ஒரு வாய்க் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். மற்றது உருவிவிடுவது. இதமாக எண்ணெய் தடவுவதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம். இறுகிய முழங்கையையோ முழங்காலையோ பலங்கொண்டு இழுத்தால் எலும்பும் தசையும் சேதமாகும்.

பேச்சுப் பயிற்சியில் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியொரு சிக்கல் இருக்கிறது. பயிற்சியாளர் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். பிள்ளையின் முதல் சொற்களோ தமிழில் இருந்திருக்கும். பிள்ளை வாய் திறக்கவில்லை என்று முடிவு கட்டும் முன், எந்த மொழியில் கேட்டார்கள் என்று பார்ப்பது நியாயம். வேணும், போதும், வலிக்குது, தண்ணி என்று வீட்டில் புழங்கும் சொற்களை ரூமி எழுத்தில் அர்த்தத்துடன் எழுதிக் கொடுத்தால், அவற்றை வைத்தே பயிற்சியை அமைக்க முடியும். இது செலவில்லாத, மிகப் பயனுள்ள உதவி.

அடுத்த கேள்வி, எந்த மையம் என்பது. மூவாரில் ஜாலான் சாலேயில் உள்ள சுல்தானா ஃபாத்திமா நிபுணத்துவ மருத்துவமனைதான் வட்டாரத்தின் அரசு மருத்துவமனை. தீவிரப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைகளுக்கு, சுகாதார அமைச்சின் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை பற்றி மருத்துவர் பேசக்கூடும். அது இருக்கும் கோலாலம்பூர் இங்கிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். மலாக்காவில் 2014-இல் திறக்கப்பட்ட, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் பக்கத்தில் இருக்கிறதே என்று பலர் விசாரிப்பதுண்டு. அது முக்கியமாகக் காப்புறுதி பெற்ற தொழிலாளர்களுக்காக அமைந்தது, பிள்ளைகளுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

பெரிய மையத்தில் சில வாரம் தங்கிப் பெறும் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. ஆனால் பிள்ளையின் முன்னேற்றம் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் நடப்பது. தகப்பன் வேலைக்கும் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கும் போக வேண்டிய வீட்டில், தொலைவிலுள்ள சிறந்த இடத்துக்கு இடையிடையே போய்வருவதைவிட, பக்கத்திலுள்ள சுமாரான இடத்துக்கு வாராவாரம் தவறாமல் போவதே மேல். பிள்ளைகளிடம் பழகிய பயிற்சியாளர் இருக்கிறாரா, பயிற்சி அறைக்குள் தாயை உட்காரவிடுகிறார்களா, அடுத்த மூன்று மாதத்தில் பிள்ளை எதைச் செய்ய வேண்டும் என்று எழுதித் தருகிறார்களா என்பவற்றைக் கேட்டாலே ஒரு மையத்தின் தரம் தெரிந்துவிடும். தனியார் மையமானால், 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் பயிற்சியாளர் பதிவு பெற்றவரா என்றும் கேட்க வேண்டும். பழையபடி முழுசாகக் குணமாக்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்டு வாக்குக் கொடுக்கும் இடத்தை விட்டு விலகுவதே நல்லது.

சமூக நல இலாகா ஆதரவில் இயங்கும் பிடிகே எனும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. 1984-இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் இது. இன்று நாடெங்கும் நிலையங்கள் உள்ளன. மருத்துவமனைப் பயிற்சிக்கு இது ஈடாகாது. ஆனாலும் தானே சாப்பிடுவது, உடுத்துவது, மற்றப் பிள்ளைகளோடு பழகுவது போன்ற அன்றாடக் காரியங்களுக்கு உதவும்.

பள்ளிக்குத் திரும்பும்போது முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் பேசிவைப்பது அவசியம். மூளைக்காயத்துக்குப் பின் பிள்ளை பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் சீக்கிரம் களைத்துவிடும், கவனம் சிதறும், எரிச்சல் வரும். சோம்பல் என்று ஆசிரியர் தவறாக எண்ணிக்கொள்ள இடம் தரக் கூடாது. முதலில் அரை நாள் அனுப்பிப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு, அவர் கடிதத்தோடு தலைமையாசிரியரைச் சந்திக்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டு எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. மருத்துவர் உறுதிப்படுத்தினால் சமூக நல இலாகாவில் இலவசமாகவே பதியலாம். அரசு மருத்துவமனைக் கட்டணச் சலுகைக்கும் பிற உதவிகளுக்கும் அதுவே வழி. குறைபாடு நீடிக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், பெற்றோர் அந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.