சமையல் கற்க எந்தத் திரையின் முன் உட்காருவது?

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவுகள் வெளியாகும் வாரத்தில் பினாங்கின் பத்து காவானில் உள்ள அடுக்குமாடி வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளை அடுத்து என்ன படிப்பது? சில ஆண்டுகளாக அதற்கு ஒரு புதிய பதிலும் வருகிறது. "நான் செஃப் ஆகப்போகிறேன்." ஆசையில் தவறில்லை. முன்பு கரும்பும் தென்னையும், பிறகு ரப்பரும் செம்பனையும் நின்ற மண் இது. 2014 மார்ச்சில் பினாங்குத் தீவுக்கான 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் திறந்தது. 2019 மார்ச்சில் ஐகியா வந்தது. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின. சாப்பிட வரும் கூட்டம் இருக்கிற ஊரில் சமைக்கத் தெரிந்தவருக்கு வேலையும் இருக்கும்.

கவலை அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. "எதை நன்றாகச் சமைப்பாய்?" என்று கேட்டால், இதை எழுதுபவர் பேசிப் பார்த்த பிள்ளைகளில் பலர் ஒரு குழம்பின் பெயரையோ பலகாரத்தின் பெயரையோ சொல்லவில்லை. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னார்கள். ஒரு மாணவி தட்டில் சாஸை எப்படி இழுத்துவிட வேண்டும் என்று விரலால் மேசையில் வரைந்து காட்டினாள். வீட்டில் சோறு வடிப்பது யார் என்று கேட்டபோது, "அம்மா" என்றாள். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அதில் பெருமைதான். பிள்ளையை எந்தப் போட்டிக்கு அனுப்பலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, சமையல் கற்க நினைக்கும் ஓர் இளம் பிள்ளை எந்த நிகழ்ச்சியின் முன் உட்கார வேண்டும் என்பதை ஒருமுறை தெளிவாகப் பேசிவிடுவது நல்லது.

திரையில் வரும் சமையல் இரண்டு வகை. ஒன்று கற்றுக்கொடுக்கிறது, மற்றது பொழுதுபோக்குகிறது. இந்த வேறுபாடு யாருக்கும் புதிதல்ல. ஆனால் இரண்டிலும் சில நேரம் ஒரே முகம் வருவதால் பிள்ளைகள் குழம்பிவிடுகிறார்கள். வெங்கடேஷ் பட்டை எடுத்துக்கொள்வோம். விஜய் தொலைக்காட்சியின் 'சமையல் சமையல்' நிகழ்ச்சியிலும், 'இதயம் தொட்ட சமையல்' என்ற யூடியூப் அலைவரிசையிலும் அவர் ஆசிரியர். எத்தனை கிராம் பருப்பு, எப்போது தீயைக் குறைப்பது, எந்த நிறத்தில் நிறுத்துவது என்று சொல்லிக்கொண்டே செய்கிறார். 2019 நவம்பரில் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி'யில் செஃப் தாமுவோடு நடுவராக உட்கார்ந்த அதே மனிதர், அங்கே சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் வந்தவர். முதல் நிகழ்ச்சியில் அவர் வெங்காயத்தைப் பற்றி அரை நிமிடம் பேசினால் அது பாடம். இரண்டாவதில் வெங்காயம் கோமாளியின் தலையில் விழுந்தால்தான் காட்சி. அந்த நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரிப்பதில் குற்றமே இல்லை. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மலேசியாவில் எத்தனையோ வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். அதைப் பார்த்துவிட்டுச் சமைக்கக் கற்றுக்கொண்டோம் என்று நம்புவதில்தான் சிக்கல்.

கோமாளியைவிட அதிகம் எச்சரிக்க வேண்டியது தீவிரமான முகத்தோடு வரும் போட்டி நிகழ்ச்சியைப் பற்றி. கோமாளி தன்னைப் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்வதில்லை. போட்டி நிகழ்ச்சியோ பள்ளிக்கூடத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. மாஸ்டர்செஃப் 1990இல் பிரிட்டனில் பிறந்தது. 2009இல் ஆஸ்திரேலியாவில் புது வடிவம் பெற்று உலகைச் சுற்றியது. 2011இல் மலேசியாவுக்கும், 2021இல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்க சன் தொலைக்காட்சியில் தமிழுக்கும் வந்தது. வெள்ளைக் கோட்டு, மின்னும் கத்தி, கண்ணீர், கைதட்டல் எல்லாம் உண்டு. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை சமையல் என்றால் இதுதான் என்று நினைத்தால் அதன்மேல் பழி போட முடியாது.

அந்த நிகழ்ச்சியின் உண்மையான எசமான் கடிகாரம். அறுபது நிமிடம், எழுபத்தைந்து நிமிடம் என்று மணி அடித்துவிடுவார்கள். அந்தக் கடிகாரம் எந்தச் சமையலை வெளியே தள்ளுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இட்லி மாவு புளிக்க நம் ஊர் வெக்கையிலும் ஓர் இரவு வேண்டும். ஆப்ப மாவும் அப்படித்தான். வடகம் வெயிலில் நாள்கணக்கில் காய வேண்டும். ஊறுகாய் வாரக்கணக்கில் ஊற வேண்டும். ஆட்டுக்கால் சூப்பு விடிய விடிய அடுப்பில் இருக்கும். தமிழ் அடுப்படியின் பெரும்பகுதி காத்திருப்பதால் ஆனது. அந்தக் காத்திருப்புக்குப் போட்டியில் இடமில்லை. உள்ளே வருவதெல்லாம் சட்டென்று வறுப்பதும், பொரிப்பதும், அழகாக அடுக்குவதும். பார்க்கிற பிள்ளை, மற்றவை எல்லாம் சமையலே இல்லை என்ற எண்ணத்தை அறியாமலே ஏற்றுக்கொள்கிறது.

நாசி லெமாக்கின் சம்பலையே எடுத்துக்கொள்வோம். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, எண்ணெயில் போட்டு, சிறுதீயில் அரை மணி நேரமாவது கிளற வேண்டும். மலாய்க்காரர்கள் 'பெச்சா மிஞாக்' என்பார்கள். நம் வீடுகளில் 'எண்ணெய் பிரிஞ்சு வரணும்' என்போம். அந்த நிலை வருவதற்கு முன் இறக்கினால் பச்சை வாடை போகாது, வயிறும் எரியும். போட்டி நிகழ்ச்சியில் மிளகாய் விழுது சட்டியில் விழும், அடுத்த காட்சியில் போட்டியாளரின் குடும்பப் படம் வரும், அதற்கடுத்த காட்சியில் சம்பல் தட்டில் இருக்கும். கற்றுக்கொள்ள வேண்டிய அரை மணி நேரத்தைத்தான் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

தீர்ப்பும் நம்பத் தகுந்ததல்ல. 2018இல் பிரிட்டன் மாஸ்டர்செஃபில் மலேசியாவில் பிறந்த சலேகா காடிர் ஒல்பின் நாசி லெமாக்கோடு கோழி ரெண்டாங் வைத்தார். கோழித் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று குறை சொல்லி அவரை வெளியேற்றினார்கள். தேங்காய்ப்பாலில் மெல்ல வற்றி மெத்தென்று ஆக வேண்டிய ரெண்டாங்கில் மொறுமொறுப்பு எங்கிருந்து வரும்? மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து கொதித்தன. மூன்று நாடுகளும் ஒரே கட்சியில் நின்றது சமையல் விஷயத்தில் அபூர்வம். கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு: திரையில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு உன் பாட்டியின் பதார்த்தம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ருசி விஷயத்திலும் அப்படியே. தட்டு மேசைக்கு வருவதற்குள் உணவு ஆறிவிடுவதால், சமைக்கும்போதே சுற்றி வந்து ருசி பார்த்துக்கொள்வதாக ஆஸ்திரேலிய நிகழ்ச்சியின் நடுவர்களே சொல்லியிருக்கிறார்கள். நாம் பார்க்கும் அந்த முதல் வாய், அந்த நீண்ட மௌனம் எல்லாம் ஒளிப்பதிவுக்கானவை.

"சசி செல்லையா ஜெயிக்கவில்லையா?" என்று பெற்றோர் உடனே கேட்பார்கள். ஜெயித்தார். 2018இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப் இறுதிச் சுற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று எடுத்தார். சிங்கப்பூரில் பிறந்த தமிழர், அங்கே போலீஸ்காரராகவும் பிறகு அடிலெய்டில் சிறை அதிகாரியாகவும் இருந்தவர். ஆனால் அவர் போட்டிக்குள் நுழைந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தாயாரும் சித்தி, அத்தைகளும் சமைத்த அடுப்படியில் கற்றதை இருபது வருடம் கையில் வைத்திருந்தவர். போட்டி அவரை உலகுக்குக் காட்டியது, அவ்வளவுதான். பதினெட்டு வயதில் அந்தக் கதையின் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்க நினைப்பது பெரிய தவறு.

கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சியின் இடத்தைப் போட்டி பிடித்துக்கொண்ட கதை அமெரிக்காவில் நமக்கு முன்பே நடந்து முடிந்தது. 1963இல் ஜூலியா சைல்ட் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுத்தபோது, பார்த்தவர்கள் எழுந்துபோய் முட்டை உடைத்தார்கள். அவர் ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போடும்போது பாதியை அடுப்பின்மேல் சிந்திவிட்டு, அதை எடுத்து ஒட்டிச் சரிசெய்து காட்டினார். சிந்தியதும் பாடம்தான். 1993இல் உணவுக்கென்றே தனி அலைவரிசை வந்தது. படிப்படியாக இரவு நேரம் போட்டிகளுக்குப் போனது. கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சிகளுக்கு அந்தத் தொழிலில் வைத்த பெயர் 'கொட்டிக் கிளறுவது'. மைக்கேல் போலன் 2009இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதியபோது, ஒரு சராசரி அமெரிக்கர் நாளுக்கு இருபத்தேழு நிமிடம்தான் சமைக்கிறார் என்று கணக்குக் காட்டினார். ஒரு போட்டி நிகழ்ச்சியைப் பார்க்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சிக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்கும் நடுவே வேறு சில உண்டு. புதுக்கோட்டை சின்ன வீரமங்கலத்துப் பெரியதம்பித் தாத்தாவும் பேரன்களும் நடத்தும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டது. அதில் அளவு கிடைக்காது. ஆனால் மசாலா எந்த நிறத்தில் நிற்க வேண்டும் என்பது கண்ணில் பதியும். தாத்தா ஏற்கெனவே சமையல் வேலைகளுக்குப் போனவர் என்பது அவர் கரண்டி பிடிப்பதிலேயே தெரியும். 2020இல் சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டிலிருந்து சுகுவும் பவித்ராவும் மலாய் மொழியில் போட்ட காணொளிகளும் அப்படித்தான். சாதாரணச் சட்டி, சாதாரண அடுப்பு, எந்த வீட்டிலும் செய்யக்கூடிய குழம்பு. ஊர் ஊராகச் சாப்பிட்டுத் திரியும் நிகழ்ச்சிகளை ஊர் பார்க்கப் பார்க்கலாம்.

கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சியை அடையாளம் காண எளிய வழி இருக்கிறது. அளவு சொல்கிறாரா, தீயைப் பற்றிப் பேசுகிறாரா, பதம் எப்படித் தெரியும் என்று காட்டுகிறாரா என்று பாருங்கள். நான்காவதாக, கெட்டுப்போனால் என்ன செய்வது என்றும் சொல்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' எழுதியபோது திரை ஏதும் கையில் இல்லை, சொல் மட்டும்தான். தாயைப் பிரிந்து வேறு ஊருக்குப் போன பெண்கள் அதை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்தினார்கள். ரேவதி சண்முகமும் மல்லிகா பத்ரிநாத்தும் அந்த வழியில் வந்தவர்கள். அவர்கள் நிகழ்ச்சியில் பின்னணி இசை குறைவு, பிள்ளைகளுக்கு முதலில் அலுப்புத் தட்டும். தட்டட்டும். ஒரு செய்முறையை எடுத்துக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு, அதே பதார்த்தத்தைப் பத்து முறை செய்ய வேண்டும். பத்தாவது முறை கை தானாகவே உப்பு எடுக்கும்.

இதை எழுதுபவர் பக்கச் சார்பு இல்லாதவர் அல்ல. இளவயதில் ஒரு கல்யாணச் சமையல் குழுவில் இரண்டு ஆண்டு இருந்தவர். முதல் ஆறு மாதம் வெங்காயம் உரித்ததும் அண்டா கழுவியதும்தான். ஏழாம் மாதம்தான் தாளிக்கக் கரண்டி கைக்கு வந்தது. அந்த ஆறு மாதத்தில், எண்ணெயின் சத்தத்தை வைத்தே கடுகு போடும் நேரம் சொல்லத் தெரிந்திருந்தது. அதே காலத்தில் நண்பர் ஒருவர் பெருந்தொகை கட்டி ஒரு தனியார் கல்லூரியில் சமையற்கலைப் பட்டயம் வாங்கினார். அங்கே முதல் பருவத்தில் அடுப்பருகே நின்ற நேரத்தைவிடச் சீருடையோடு படம் பிடித்துக்கொண்ட நேரம் அதிகம் என்று இன்றும் வருத்தத்தோடு சொல்வார். எல்லாக் கல்லூரியும் அப்படியல்ல. ஆனால் சேருவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அடுப்பின் முன் நிற்க விடுவார்கள் என்பதுதான்.

வேறு வாசல்களும் திறந்தே இருக்கின்றன. எஸ்கேஎம் என்னும் மலேசியத் திறன் சான்றிதழைப் படிப்படியாக வாங்கலாம். தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் பயிற்சியின் பெரும்பகுதி வேலை செய்யும் இடத்திலேயே நடக்கும். திறன் மேம்பாட்டுக் கடன், பிடிபிகே என்னும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் வழியாகக் கிடைக்கும். பாலத்தைத் தாண்டி ஜார்ஜ் டவுனுக்குப் போனால் 1907 முதல் நடக்கும் அமீதியா போன்ற நாசி கண்டார் கடைகள் இருக்கின்றன. ஒரு குழம்போடு இன்னொரு குழம்பை எந்த அளவில் கலந்து ஊற்றுவது என்ற அறிவு, ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்த்தே கைமாறி வந்தது. அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக்கூடாது என்று பினாங்கு மாநில அரசு 2016இல் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்ததே, உள்ளூர்க் கை குறைந்துகொண்டிருக்கிறது என்ற கவலையில்தான். கற்க வரும் உள்ளூர்ப் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும் முதலாளி இன்று அபூர்வம்.

சம்பளத்தையும் மறைக்கக்கூடாது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். சமையலறைக்குப் புதிதாக வருபவர் அதிலிருந்து வெகுதூரம் தள்ளித் தொடங்குவதில்லை. நாளெல்லாம் நிற்க வேண்டும், தீபாவளிக்கும் வேலை இருக்கும், கையில் சூடுபட்ட தழும்பு இருக்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டும் சட்டியைப் பார்த்தால் கை பரபரக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கூச்சப்படாமல் வரட்டும். அப்படிப்பட்ட பிள்ளையை "பையன் கரண்டி பிடிப்பதா?" என்று தொழிற்சாலைப் பொறியியலுக்குத் தள்ளும் அப்பாக்களும் தவறுதான் செய்கிறார்கள். கை பரபரக்காத பிள்ளையைக் கைதட்டலுக்காக அடுப்படிக்குத் தள்ளுவதும் அதே தவறுதான். விருப்பம் எது, பார்த்து மயங்கியது எது என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் காலம் தேவை. அந்தக் காலத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது பெற்றோரின் கடமை.

எஸ்பிஎம் தேர்வுக்கும் முடிவுக்கும் இடையில் சில மாதங்கள் சும்மா கிடைக்கின்றன. கடன் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அதில் ஒரு மாதம் பிள்ளையை ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டுக்கு அனுப்பி வையுங்கள். காலை ஐந்து மணிக்குப் போகட்டும், வெங்காயம் உரிக்கட்டும், பாத்திரம் கழுவட்டும். மாதம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் "செஃப் ஆகப்போகிறேன்" என்றால், அன்றைக்கே பாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போடுங்கள்.