குடும்பத்தோடு படிக்கச் சில அறிவியல் நூல்கள்



பட்டாசு ஆலையில் விபத்து என்று செய்தி வரும்போதெல்லாம், மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டது என்ற வரியும் கூடவே வருகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இதைப் படிக்காத வீடு இருக்காது. ஆனால் லேசாக உராய்ந்தாலே மருந்து ஏன் பற்றுகிறது, ஈரம் பட்டால் ஏன் ஆபத்து என்று பிள்ளைகள் கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை. விதி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கத்ரை நம்புவது ஈமானில் உள்ளது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பாடம். காரணத்தை அறிவதும் ஒட்டகத்தைக் கட்டுவதில் சேர்ந்ததே.

பள்ளிக்கூடத்தோடு வேதியியல் புத்தகத்தை மூடிவிட்ட நம் போன்றவர்களுக்காகவே பொது வாசகர்க்கான அறிவியல் நூல்கள் எழுதப்படுகின்றன. அவற்றைப் படிக்கப் பட்டம் வேண்டாம்; தேர்வும் இல்லை.

பைண்டிங் கடையில் படித்தவர்

மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஒரு கொல்லரின் மகன். 1805இல், 14 வயதில், புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த நூல்களை அங்கேயே படித்தார். வேதியியலை உரையாடலாக விளக்கி ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய நூல் அவற்றில் ஒன்று. அந்தப் பையன்தான் 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். இன்றைய ஜெனரேட்டர் அந்த அடிப்படையில்தான் ஓடுகிறது. அச்சகமும் பைண்டிங்கும் நிறைந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

புகழ்பெற்ற பின், 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை நூலாகவும் வந்தன. மெழுகுவர்த்தி எரிய வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜன் வேண்டும் என்பதை அதில் படிப்படியாகக் காட்டுகிறார்.

இது புரிந்தால் பட்டாசு மருந்தும் புரியும். அதில் கலக்கும் வெடியுப்பு தன்னுள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. எரிபொருளும் ஆக்சிஜனும் ஒட்டி இருப்பதால் உராய்வில் எழும் சிறு சூடே போதும். வெளிக்காற்று தேவையில்லை என்பதால் மணலைப் போட்டு மூடினாலும் அணையாமல் எரியக்கூடும். அலுமினியத் தூள் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறிப் பற்றவும் கூடும். மிஞ்சிய மருந்தை வைத்திருக்கக் கூடாது என்ற விதியின் பொருள் இப்போது விளங்கும்.

வெடியுப்பைச் சாம்பல் கொண்டு சுத்திகரிக்கும் முறையை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் சிரியாவின் ஹசன் அல்-ரம்மாஹ் என்பதையும் அறிந்துகொள்வோம்.

நாம் பரிந்துரைக்கும் நூல்கள்

1. ஃபாரடேயின் மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகள். ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி செல்லும் பிள்ளைகள் படித்து வீட்டாருக்குத் தமிழில் சொல்லலாம்.

2. சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ வாசகர் கேள்விகளுக்குப் பொறியாளரான அவர் ஜூனியர் விகடனில் எழுதிய பதில்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம்.

3. யாகவ் பெரெல்மானின் ‘பொழுதுபோக்குப் பௌதிகம்’. ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு ஏற்றது.

4. ‘துளிர்’. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் மாத இதழ்.

5. அப்துல் கலாம் அவர்களின் ‘அக்னிச் சிறகுகள்’. பரிசளிப்பு விழாக்களில் அதிகம் வழங்கப்படும் நூல். அதில் எஸ்.எல்.வி.-3 பற்றிய பகுதியை நிதானமாகப் படியுங்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று ராக்கெட் கடலில் விழுந்தது. காரணத்தைத் தேடித் திருத்தி 1980 ஜூலை 18 அன்று வென்றார்கள்.

6. ஜிம் அல்-கலீலியின் ‘பாத்ஃபைண்டர்ஸ்’ (ஆங்கிலம், 2010). பாக்தாதில் பிறந்த இயற்பியலாளர், அரபு மொழியில் வளர்ந்த அறிவியலின் வரலாற்றை எழுதியுள்ளார்.

நல்ல நூலை அறிவது எப்படி?

கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதால்தான் பார்க்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் எழுதியிருந்தார்கள். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக இப்னு அல்-ஹைதம் அதை ஏற்கவில்லை. சோதித்து, ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று நிறுவினார். நல்ல அறிவியல் நூலும் முடிவை மட்டும் சொல்லாது. அது எப்படித் தெரிந்தது என்றும் சொல்லும். வாட்ஸ்அப்பில் வரும் அதிசயச் செய்திகளையும், நேற்றைய கண்டுபிடிப்பை இன்றே ஓர் ஆயத்தோடு முடிச்சுப் போடும் புத்தகங்களையும் இந்த அளவுகோலால் பாருங்கள். அறிவியல் முடிவுகள் திருத்தப்படும், இறைவசனம் மாறாது. ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக்க அவசரப்பட வேண்டாம்.

வீட்டுப் பாடம்

இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். நூல்களை விருதுநகர் மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் கேட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க, எரியும் மெழுகுவர்த்திக்குச் சற்று மேலே குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைச் சில நொடிகள் பிடித்துப் பாருங்கள். பிறகு பிள்ளைகளிடம் கேளுங்கள்:

• டம்ளரின் மேல் படிந்த ஈரம் எங்கிருந்து வந்தது?
• மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினால் ஏன் அணைகிறது?
• பட்டாசுத் திரி மூடிய குழலுக்குள்ளும் எரிவது ஏன்? (மூன்றாவது பேச்சுக்கு மட்டும், செய்து பார்க்கக் கூடாது.)

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அதிகப்படுத்துவானாக. ஆலைக்குச் செல்லும் நம் ஊர் மக்கள் அனைவரையும் பாதுகாத்து வீடு சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.