போன வருஷ கட்-ஆஃபை எங்கே பார்ப்பது?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். எந்தக் கல்லூரியில் எவ்வளவு மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பொறியியல் என்றால் யாரையும் நம்ப வேண்டியதில்லை, அம்மா. கலந்தாய்வை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே முந்தைய ஆண்டுகளின் விவரத்தைச் சேர்க்கை இணையதளத்தில் போடுகிறது. கல்லூரி, பாடப்பிரிவு, வகுப்புப் பிரிவு வாரியாகத் தேடலாம். உங்கள் வகுப்புப் பிரிவுக்கான கட்டத்தைப் பாருங்கள், பலர் ஓ.சி. (பொதுப் பிரிவு) கட்டத்தைப் பார்த்துவிட்டு வீணாக மனம் உடைந்து போகிறார்கள்.

கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பட்டியலில் இருப்பது அந்த இடத்தைப் பிடித்த கடைசி மாணவரின் மதிப்பெண். கல்லூரி நிர்ணயித்த தகுதி அல்ல. வினாத்தாள் எளிதாக இருந்த வருஷம் எல்லோருக்கும் மதிப்பெண் கூடும். அதே 185-க்குத் தரவரிசை பின்னால் போய்விடும். ஆகவே மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுவதே சரி. குறைந்தது மூன்று வருஷத்தையாவது பாருங்கள்.

மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளா? அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தனித் தரவரிசை உண்டு. பொதுப்பட்டியலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. விருப்பப் பட்டியலைப் பூட்டுமுன் அதையும் அவசியம் பாருங்கள்.