எழுதும் கையும் கையொப்பமிடும் கையும்

கணக்கு எழுதுவது பெண்களுக்குப் புதிதன்று. எங்கள் சிவகிரியில் வீட்டு வரவு செலவையும், நெல் விற்ற பணத்தையும் மனத்திலும் நோட்டிலும் குறித்து வைப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்களே. மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்கேடுகளை எழுதுவோரும் பெண்களே. ஆயினும் ஒரு கணக்கைத் தணிக்கை செய்து, 'இது சரி' எனக் கையொப்பமிடும் உரிமை நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது. இந்நிலை எவ்வாறு மாறிற்று என்பதை ஒரு வணிகவியல் மாணவி என்ற முறையில் இங்கு ஆராய விழைகின்றேன்.

முதலில் கிராமத்தைக் காண்போம். கர்ணம் எனும் கணக்குப்பிள்ளை வேலை தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. 1980-இல் தமிழக அரசு அம்முறையை ஒழித்தது. பின்னர்த் தேர்வின் வழியே கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பிறப்பு போய்த் தேர்வு வந்ததும் பெண்ணுக்கும் வழி திறந்தது.

நகரத்திலோ தடை சட்டத்திலேயே இருந்தது. இங்கிலாந்தில் மேரி ஹாரிஸ் ஸ்மித் 1891-இல் பட்டயக் கணக்காளர் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுக்கப்பட்டார். 1919-இல் சட்டம் மாறிய பின், 1920-இல்தான் உறுப்பினரானார். அவர் காத்திருந்த காலம் இருபத்தொன்பது ஆண்டுகள்!

நம் சென்னையின் ஆர். சிவபோகம் அவர்களுக்குத் தடை இரட்டிப்பாயிற்று. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், 1933-இல் அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். சிறை சென்றோர் கணக்காளராகப் பதிவு செய்யலாகாது என விதி மறித்தது. வழக்குத் தொடுத்து வென்றார். 1937-இல் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் அவரே. 1955 முதல் 1958 வரை கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமையும் தாங்கினார்.

இன்று சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பட்டயக் கணக்காளர் ஆவதற்குத் தேர்வு மட்டும் போதாது. ஒரு தணிக்கையாளரிடம் பயிற்சியும் பெறவேண்டும். அக்காலம் 2023 முதல் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது. தணிக்கைக்காக வெளியூர் செல்லவும், இரவு நேரங்கழித்து வீடு திரும்பவும் நேரிடும். மகனுக்கு இது அனுபவம். மகளுக்கு மட்டும் அச்சமா? என் வீட்டிலும் இவ்வினா எழுந்துள்ளது, இன்னும் முடிவாகவில்லை.

பெற்றோர்களே! பற்றும் வரவும் சமமானால்தான் ஐந்தொகை பொருந்தும். மகள் படிக்கச் செலவிட்டு, அவள் தொழிலை மறுத்தால் அக்கணக்கு எங்ஙனம் பொருந்தும்? தோழியரே, பட்டத்தோடு நில்லாதீர். கையொப்பமிடும் தகுதியையும் பெறுவோம்!