அடுத்து என்ன விதைக்கலாம்? செடியைப் பிளந்து பார்!



துவரைச் செடி பூவும் பிஞ்சுமா நிற்கும்போது திடீர்னு வாடிப் போறதைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் காட்டில் 3 வருஷமாகத் துவரைதான். முதல் வருஷம் அங்கொண்ணு இங்கொண்ணு வாடியது. இந்த வருஷம் பாதிக் காடு போய்விட்டது. தண்ணீர் பத்தலைன்னு நினைத்துத் தண்ணீர் விட்டோம். பிழைக்கவில்லை.

வாடிய செடி ஒன்றை அறிவியல் டீச்சரிடம் கொண்டு வந்தேன். தண்டைப் பிளந்து காட்டினார். உள்ளே கரும்பழுப்புக் கோடுகள். "இது வாடல் நோய்" என்றார்.

காரணம் என்ன?

பியுசேரியம் உடம் என்ற பூஞ்சை. இது மண்ணில் இருந்து வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். அதனால்தான் மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடுகிறது. அறுத்த பிறகும் துவரைக் கட்டையில் சுமார் 3 வருஷம் உயிரோடு இருக்கும். மறுபடி துவரையே போட்டால் அதற்குச் சாப்பாடு போட்ட மாதிரிதான்!

என்ன செய்யலாம்?

1. நோய் வந்த காட்டில் 3 வருஷம் துவரை வேண்டாம். சோளம் போடலாம். இந்தப் பூஞ்சைக்குச் சோளம் இரை ஆகாது.
2. பிறகு துவரை போடும்போதும் சோளத்தோடு கலந்து போட்டால் நோய் குறையும். பாட்டி காலத்தில் அப்படித்தான் விதைத்தார்களாம்.
3. நோய் தாங்கும் ரகம் கேட்டு வாங்க வேண்டும். 1986-இல் வெளிவந்த 'மாருதி' அப்படிப்பட்ட ரகம்.
4. விதை 1 கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்க வேண்டும். இது நன்மை செய்யும் பூஞ்சை.
5. வாடிய செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். குப்பைக்குழியில் போட்டால் எருவோடு திரும்பக் காட்டுக்கே வரும்.

ஒரு எச்சரிக்கை!

எல்லா நோய்க்கும் சோளம் மருந்து அல்ல. உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலையில் வரும் வேரழுகல் வேறு. அதற்குக் காரணம் மேக்ரோபோமினா என்ற பூஞ்சை. அதில் வேர்ப்பட்டை நார் நாராக உரியும், கரித்தூள் மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அது சோளம், மக்காச்சோளம், எள், பருத்தியையும் தாக்கும். அந்தக் காட்டில் சோளம் போட்டால் நோய் தங்கிவிடும். தண்ணீர் வசதி இருந்தால் நெல் நடலாம். சேற்று ஈரத்தில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் ரொம்ப நாள் தாங்காது.

எனவே, முதலில் செடியைப் பிளந்து பார்ப்போம். எந்த நோய் என்று தெரிந்துகொண்டு பிறகு விதைப்போம்.

துவரைக்கு விலை இருக்கேன்னு அப்பா இன்னும் யோசிக்கிறார். பாட்டி சோள விதை எடுத்து வைத்துவிட்டார்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி